அலாய் மாற்றியபின் ஸ்டீயரிங் உதறுகிறது, ஏற்காடு இறக்கத்தில் டிக் டிக் சத்தம்: எங்கே பார்ப்பது?

கொலுசுப்பட்டறை:

வணக்கம். சேலம் செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிக் கொலுசுப் பட்டறை வைத்திருக்கிறேன். கார் விஷயம் அதிகம் தெரியாது. தெரியாததால்தான் இரண்டு மாதமாக மூன்று இடத்தில் மாறி மாறிப் பணம் கொடுத்துக்கொண்டிருக்கிறேன். இன்னொரு முறை பர்ஸைத் திறப்பதற்கு முன் உங்களிடம் கேட்டுவிடலாம் என்று எழுதுகிறேன். கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

வண்டி 2013 மாடல் ஸ்விஃப்ட் டீசல், வி.டி.ஐ. ஓடியது 1,12,000 கி.மீ. கம்பெனியில் கொடுத்த 14 அங்குல ஸ்டீல் ரிம், 165/80 டயர். தீபாவளிக்கு வந்த மச்சினன் வண்டியைச் சுற்றிவந்து பார்த்துவிட்டு, "ஊர்ப் பெண்கள் காலுக்கெல்லாம் வெள்ளி போடுறீங்க மாமா, உங்க வண்டிக் காலில் மட்டும் துருவா?" என்றான். வீட்டில் எல்லோரும் சிரித்துவிட்டார்கள். ரோஷம் வந்துவிட்டது.

பழைய பாகங்கள் விற்கும் ஒரு கடையில், ஹோண்டா பிரியோவிலிருந்து கழற்றிய 14 அங்குல அலாய் நான்கை 13,000 ரூபாய்க்கு வாங்கினேன். "நாலு ஓட்டை, 100 பி.சி.டி. (ஓட்டைகள் இருக்கும் வட்டத்தின் விட்டம், மி.மீ.யில்). உங்க வண்டிக்கும் அதேதான், அப்படியே உட்காரும்" என்றார்கள். உட்கார்ந்தது. என் டயரையே அதில் ஏற்றி, பேலன்சிங் செய்து, என் பழைய நட்டையே போட்டு, கன்னால் டர்ர் டர்ர் என்று இறுக்கிக் கொடுத்தார்கள். பார்க்க அழகாகத்தான் இருந்தது. மச்சினனுக்குப் படம்கூட அனுப்பினேன்.

அக்கா ஏற்காட்டில் இருக்கிறாள், நாகலூர் பக்கம். அக்கா வீட்டுக்காரருக்குக் காபித் தோட்டத்தில் வேலை. பெரும்பாலும் ஞாயிறு மேலே போய்விட்டு மாலையில் இறங்குவோம். நான், மனைவி, இரண்டு பிள்ளைகள். டிக்கியில் வாழைத்தார், மிளகு, சீசன் என்றால் பலா.

அலாய் போட்ட முதல் ஞாயிறு இறங்கும்போது இடது முன்சக்கரத்தில் டிக், டிக், டிக் என்று ஒரு சத்தம். வண்டி வேகமானால் சத்தமும் வேகமாகும். வலப்பக்கம் திரும்பும் கொண்டை ஊசி வளைவில் பலமாகக் கேட்டது. நேர்ச்சாலையில் லேசாக. அடிவாரம் வருவதற்குள் தானாக நின்றுவிட்டது. ஏதோ கல் சிக்கியிருந்து விழுந்திருக்கும் என்று விட்டுவிட்டேன்.

மறுநாள் ஓமலூர் வரை ஒரு வேலை. நான்குவழிச் சாலையில் 80-ஐத் தொட்டதும் ஸ்டீயரிங் உதறல். 95 வரை உதறும், அதற்கு மேல் குறையும். போய்ப் பேலன்சிங் செய்தேன், சரியானது. இரண்டு வாரம் கழித்து மலைக்குப் போய் வந்தேன், மறுபடி உதறல். இப்படி மூன்று முறை பேலன்சிங். மூன்று முறையும் காசு.

இரண்டாவது தொல்லை பிரேக். மலையில் பாதி வளைவு இறங்கியதும் பிரேக்கை மிதித்தால் ஸ்டீயரிங்கும் பெடலும் சேர்ந்து துடிக்கின்றன. கீழே வர வர பெடல் வழக்கத்தைவிட ஆழமாகப் போகிறது. கருகின வாடை. ஊருக்குள் ஓட்டினால் எந்தக் குறையும் இல்லை.

இதுவரை முன் பிரேக் பேட் மாற்றியாயிற்று. ஒருவர் லோயர் ஆர்ம் புஷ் என்றார், அதுவும் மாற்றினேன். இப்போது இன்னொருவர், டிஸ்க் இரண்டும் கோணிவிட்டது, மாற்றினால்தான் தீரும் என்கிறார். அலாயால் வந்ததா, பிரேக் தனியா, இரண்டும் ஒன்றா? எங்கே தொடங்குவது?


மேட்டூர்க்காரன்:

டிஸ்க்தான். பிரேக் பிடிக்கும்போது துடித்தால் வேறென்ன. புதுசு வேண்டாம், லேத்தில் கொடுத்து ஒரு கடைசல் போட்டால் போதும். பேலன்சிங் நிற்கவில்லை என்றால் கடையை மாற்றுங்கள்.


சூரமங்கலம் தம்பி:

அண்ணா, ஹோண்டா அலாயில் மாருதி நட்டைப் போட்டிருக்கிறார்கள், அதுதான் தப்பு. ஹோண்டா ரிம்முக்கு உட்காரும் முகம் உருண்டையான நட்டு வரும், உங்களுடையது கூம்பு நட்டு. ஹோண்டா நட்டு 16 வாங்கிப் போடுங்கள், எல்லாம் சரியாகிவிடும். ஸ்பேனர்கூட அதே 19-தான்.


அஸ்தம்பட்டி டயர்:

சூரமங்கலம் தம்பி, பாதி சரி. மீதிப் பாதி ஆபத்து. கொலுசுக்காரத் தம்பி கடைக்கு ஓடிவிடப் போகிறாரே என்று முதலில் இதை எழுதுகிறேன்: ஹோண்டா நட்டை ஸ்விஃப்ட் ஸ்டட்டில், அதாவது நட்டு ஏறும் போல்ட்டில், போடாதீர்கள்.

இரண்டும் 12 மி.மீ. நட்டுதான், 19 ஸ்பேனர்தான். ஆனால் மாருதி ஸ்டட்டின் மரை இடைவெளி 1.25 மி.மீ., ஹோண்டா நட்டின் மரை இடைவெளி 1.5. கையால் திருகினால் இரண்டு மூன்று சுற்று சமர்த்தாகப் போகும், அப்புறம் இறுகும். கையால் இறுக்குபவன் அங்கே நின்றுவிடுவான். கன் பிடித்தவனுக்கு அது தெரியாது, மரையைச் சிதைத்துக்கொண்டு உள்ளே ஓட்டிவிடுவான். வெளியே பார்த்தால் நல்ல இறுக்கமாகத்தான் தெரியும். அப்படி வந்த வண்டிகளில் நான் ஸ்டட்டையே அறுத்து எடுத்திருக்கிறேன்.

இப்போது உங்கள் கதைக்கு வருகிறேன். வீல் அலைன்மென்ட், பேலன்சிங்கில் இருபத்திரண்டு வருடம் ஆகிறது எனக்கு. நீங்கள் எழுதியதை இரண்டு தடவை படித்தேன். நீங்களே விடையை எழுதிவிட்டீர்கள், கவனிக்கவில்லை. டிக் டிக் சத்தம் கேட்டபோது உதறல் இல்லை. சத்தம் நின்ற மறுநாள்தான் உதறல் வந்தது. இரண்டும் சேர்ந்து ஒருநாளும் வரவில்லை. சரிதானே?

சக்கரத்தில் ஏதோ ஒன்று காலிப்பரில், அதாவது பிரேக் பேட்டைப் பிடித்திருக்கும் பாகத்தில், சுற்றுக்கு ஒருமுறை தட்டியிருக்கிறது. தட்டித் தட்டிக் கழன்று விழுந்துவிட்டது. விழுந்ததும் சத்தம் நின்றது, உதறல் தொடங்கியது. விழுந்தால் உதறல் வரக்கூடிய பொருள் சக்கரத்தில் என்ன இருக்கிறது? பேலன்சிங் வெயிட். ஸ்டீல் ரிம்மில் விளிம்பில் அடித்து மாட்டுவோம். அலாயில் அழகு கெடக் கூடாது என்று உள்பக்கம் ஒட்டுவோம். அதுவும் சில பிள்ளைகள் ஸ்போக்குக்குப் பின்னால் ஒளித்து ஒட்டுவார்கள். அந்த இடம்தான் காலிப்பரை ஒட்டிச் சுற்றிக்கொண்டு போகும்.

அது எப்படி அவ்வளவு நெருங்கி வந்தது என்றால், அலாயின் சுவர் ஸ்டீல் ரிம்மைவிடத் தடிமன், அதே 14 அங்குலத்தில் உள்ளிடம் குறையும். அதோடு இன்னொன்று. நான்கு ஓட்டை, 100 பி.சி.டி. என்று கடையில் சொன்னது பொய்யில்லை. நடு ஓட்டையைப் பற்றிச் சொல்லவில்லை. ஸ்விஃப்ட்டின் ஹப், அதாவது சக்கரம் மாட்டும் இடத்தின் நடு மேடு, 54.1 மி.மீ., ஹோண்டா ரிம்மின் நடு ஓட்டை 56.1. சக்கரம் ஹப்பில் உட்காராமல் நான்கு நட்டின் தயவில் தொங்குகிறது. நட்டு கூம்பு, ரிம்மில் அது உட்காரும் குழி உருண்டை. கூம்பு உருண்டைக் குழியில் முழு முகமாக உட்காராது, ஒரு கோடாகத்தான் தொடும். அப்படியென்றால் சக்கரத்தை நடுவில் பிடித்து வைக்க யாருமே இல்லை. ஒவ்வொரு முறை கழற்றி மாட்டும்போதும் வேறொரு இடத்தில் உட்காரும்.

யூகத்தில் பேச வேண்டாம், அளந்துவிடுங்கள். சம தரையில் நிறுத்தி, மற்ற சக்கரங்களுக்குக் கல் வைத்து, ஜாக்கிக்குத் துணையாகக் கட்டையும் கொடுத்து, இடது முன்சக்கரத்தைக் கழற்றுங்கள். கழற்றும்போது எந்த நட்டாவது சுலபமாகத் திரும்புகிறதா என்று பாருங்கள். நடு ஓட்டையை அளங்கள், உங்கள் தொழிலில் வெர்னியர் இருக்குமே. ரிம்மின் உள்ளே பசைத் தடம் இருக்கிறதா பாருங்கள். அப்புறம் சப்பாத்தி மாவு கொஞ்சம் உருட்டி, காலிப்பரின் மேல்முதுகில் அப்பி, மாவுக்கு எண்ணெய் தடவி, சக்கரத்தை மாட்டிக் கையால் இரண்டு சுற்றுச் சுற்றிவிட்டுக் கழற்றுங்கள். மாவு எவ்வளவு தடிமனில் நிற்கிறதோ அதுதான் உங்களுக்கு இருக்கும் இடைவெளி.

இதெல்லாம் முடியும் வரை மலைக்குப் போகாதீர்கள் தம்பி.


மேட்டூர்க்காரன்:

என் நண்பர் மூன்று வருடமாக இதே போல வேறு வண்டி ரிம் போட்டு ஓட்டுகிறார். ஒன்றும் ஆகவில்லை. அதுவுமில்லாமல் சக்கரத்தைத் தாங்குவது நட்டு இறுக்கம்தான், நடு ஓட்டை இல்லை என்று படித்திருக்கிறேன்.


அஸ்தம்பட்டி டயர்:

நீங்கள் படித்தது சரி. ரிம்மை ஹப்போடு அழுத்திப் பிடிக்கும் உராய்வுதான் எடையைச் சுமக்கிறது. அந்த அழுத்தத்தைக் கொடுப்பது நட்டு, அது முழு முகமாக உட்கார்ந்தால்தான் கொடுக்கும். உலகத்தில் நடு ஓட்டை பெரிதாக உள்ள கடை அலாய் எத்தனையோ ஓடுகிறது. அவற்றில் கூம்புக் குழியும் கூம்பு நட்டும் இருக்கும், நட்டே நடுவில் இழுத்து வைத்துவிடும். இங்கே இரண்டும் கெட்டிருக்கிறது. நண்பரிடம் கடைசியாக எப்போது நட்டைத் தொட்டுப் பார்த்தார் என்று கேளுங்கள்.


கொலுசுப்பட்டறை:

அண்ணா, ஞாயிறு மலைக்குப் போகவில்லை. காலையில் வாசலில் உட்கார்ந்துவிட்டேன். அளக்கச் சொன்னால் எங்கள் ஆட்களுக்குக் கொண்டாட்டம், பட்டறைப் பையன் ஒருவனும் வெர்னியரோடு வந்துவிட்டான்.

ஹப் 54.0. ரிம் ஓட்டை 56.1. உங்கள் கணக்கு அச்சு மாறாமல் இருக்கிறது. என்னுடைய பழைய ஸ்டீல் ரிம்மையும் அளந்தேன், ஹப்பில் வைத்தால் கிண்ணத்துக்கு மூடி போலப் பிடித்துக்கொள்கிறது. அலாயை வைத்தால் மேலும் கீழும் ஆடுகிறது. இரண்டு மி.மீ. எங்கள் தொழிலில் கொலுசின் கொக்கி இரண்டு மி.மீ. ஆடினால் வாங்க வந்தவர் எழுந்துபோய்விடுவார். நான் நாலு பேரை ஏற்றிக்கொண்டு மலையிறங்கியிருக்கிறேன்.

உள்ளே கருப்புப் பசைத் தடம் நீளமாக இருந்தது, வெயிட் இல்லை. போன வாரப் பில்லில் இடது முன்பக்கம் 30 கிராம் என்று போட்டிருக்கிறது, அதாவது ஐந்து கிராம் துண்டு ஆறு. ஆறும் மலையில் எந்த வளைவில் கிடக்கிறதோ. காலிப்பரின் முதுகில் பளபளவென்று ஒரு கோடு. வலது சக்கரத்தில் ஒட்டிய 15 கிராம் அப்படியே இருக்கிறது. அதை உள்விளிம்பை ஒட்டி, காலிப்பரைத் தாண்டிய இடத்தில் ஒட்டியிருக்கிறார்கள், அதனால் தப்பித்திருக்கிறது. அதிலிருந்து ஒரு துண்டைப் பிரித்து அளந்தேன், பசையோடு 4.3 மி.மீ. தடிமன். தராசிலும் போட்டுப் பார்த்தேன். 5.02 கிராம். பழக்கதோஷம், விட முடியவில்லை.

மாவு சோதனைக்கு மனைவியிடம் மாவு கேட்டபோது, "காருக்குப் படையலா?" என்றாள். அளந்தது 4.6 மி.மீ. ஆக, வெயிட்டுக்கும் காலிப்பருக்கும் நடுவே 0.3 மி.மீ.தான் மிச்சம். அதுவும் ஜாக்கியில் சும்மா சுற்றும்போது. வளைவில் வண்டி சாயும்போது என்ன மிஞ்சும்?

இதைவிட எனக்குப் பயம் தந்தது நட்டு. அதன் சாய்ந்த முகத்தில் முழுதாகத் தேய்ந்த தடம் இருக்க வேண்டும் அல்லவா, நூல் அளவில் ஒரு வளையம் மட்டும்தான் மின்னுகிறது. ரிம்மின் குழியிலும் அதே போல விளிம்பில் ஒரு கீறல் வட்டம். நான்கில் இரண்டு நட்டுகள் என் பத்தாம் வகுப்புப் பையன் கையழுத்தத்துக்கே திரும்பிவிட்டன. கன்னால் இறுக்கிப் பத்து நாள்தான் ஆகிறது.

லேத்தில் அலுமினிய வளையம் கடைந்து நடு ஓட்டையை நிரப்பிவிட்டால் போதுமா? பட்டறைப் பையன் நாளைக்கே செய்து தருகிறேன் என்கிறான். பிரேக் துடிப்பதற்கு இதுதான் காரணமா, அது வேறா?


அஸ்தம்பட்டி டயர்:

வளையம் நல்ல வழிதான். ரெடிமேடாகவும் கிடைக்கும், பிளாஸ்டிக் வேண்டாம், மலையில் பிரேக் சூட்டுக்கு இளகிவிடும். அலுமினியமே சரி. உதறல் போய்விடும். வெயிட்டை விளிம்புப் பக்கம் தள்ளி ஒட்டினால் சத்தமும் போகும். இதைச் செய்தால் வண்டி அருமையாக ஓடும், அதுதான் எனக்குக் கவலை. ஏனென்றால் நட்டு அப்படியேதான் இருக்கும். உருண்டை முகமும் 1.25 மரையும் சேர்ந்த நட்டு வேண்டும். தேடினால் எங்காவது கிடைக்கலாம், நம் ஊர்க் கடைகளில் நான் பார்த்ததில்லை. கிடைத்தாலும் ஸ்டெப்னி உங்களுடைய ஸ்டீல் ரிம், அதற்குக் கூம்பு நட்டு நான்கு தனியாக டிக்கியில் கிடக்க வேண்டும். நடுராத்திரி பஞ்சரில் அதை யார் ஞாபகம் வைத்திருப்பார்?

என் பேச்சைக் கேட்டால் பழைய ஸ்டீல் ரிம்முக்குத் திரும்புங்கள். அலாய்தான் வேண்டும் என்றால் ஸ்விஃப்ட்டின் மேல் மாடலுக்கே வந்த 15 அங்குல அலாயைத் தேடுங்கள், 185/65 டயர். டயரின் மொத்த உயரம் உங்கள் 165/80 பதினாலோடு ஏறக்குறைய ஒன்றுதான், இரண்டு மி.மீ. வித்தியாசம். நடு ஓட்டை, குழி எல்லாம் சுசூகியின் கணக்கு.

பிரேக் துடிப்பு பாதி இதோடு சேர்ந்தது. நட்டை ஒன்று அதிகம், ஒன்று குறைவு என்று கன்னால் இறுக்கினால் ரிம்முக்கும் ஹப்புக்கும் நடுவில் சிக்கிய டிஸ்க் லேசாகக் கோணும். தலைமுடி அளவுதான், ஆனால் சூடேறும்போது பேட் அந்த மேடான இடத்தில் மட்டும் தேய்ந்து அப்பிக்கொள்ளும். டிஸ்க்கைக் கழற்றி, ஹப்பில் இருக்கும் துருவை வயர் பிரஷ்ஷால் துடைத்து, மாட்டி, டிஸ்க் சுற்றும்போது எவ்வளவு ஆடுகிறது என்று டயல் கேஜ் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். ஆட்டம் 0.1 மி.மீ.க்குள் இருந்தால் மாற்ற வேண்டியதே இல்லை. அளக்காமல் மாற்று என்று சொன்னவரிடம் எத்தனை மி.மீ. ஆடுகிறது என்று கேட்டுப்பாருங்கள்.

பெடல் ஆழமாகப் போவது வேறு கதை. அதை மலை ஓட்டுகிறவர்கள் சொல்லட்டும்.


இருபது வளைவு:

சொல்கிறேன். ஏற்காடு டாக்சி, பதினாறு வருடம். சார், ஒரே கேள்வி. எந்த கியரில் இறங்குகிறீர்கள்?

டீசல் மிச்சம் பிடிக்க நியூட்ரலில் இறங்குகிறவர்களைத் தினமும் பார்க்கிறேன். கீழே வளைவுகளில் ஓரமாக நிறுத்தி, சக்கரத்தில் தண்ணீர் ஊற்றிக்கொண்டு நிற்பார்கள். அதையும் செய்யாதீர்கள், கொதிக்கிற டிஸ்க்கில் பச்சைத்தண்ணீர் பட்டால் கோணும். சும்மா நிறுத்தி ஆறவிட வேண்டும். ஆறும்போது ஹேண்ட்பிரேக்கை நம்பாமல் கியரில் போட்டு, கல் வையுங்கள். குரங்கு வந்து வாழைத்தாரைத் தூக்கும், கண்ணாடியை ஏற்றிவிடுங்கள்.

செகண்ட் கியர். டீசல் வண்டி செகண்டில் நன்றாகப் பிடித்துக்கொள்ளும். வளைவுக்கு முன்னால் ஒரு மிதி, விட்டுவிட வேண்டும். காலைப் பெடல் மேலேயே வைத்துத் தேய்த்துக்கொண்டு வரக்கூடாது. தொப்பூர் இறக்கத்தில் லாரிகளுக்கு பிரேக் போய்விட்டது என்று பேப்பரில் படிக்கிறோமே, அங்கேயும் சூடுதான்.

பிரேக் ஆயில் எப்போது மாற்றினீர்கள்?


கொலுசுப்பட்டறை:

பிரேக் ஆயில் மாற்ற வேண்டுமா? குறைந்தால் ஊற்றுவார்கள் என்று நினைத்தேன். வாங்கியதிலிருந்து மாற்றியதாக ஞாபகம் இல்லை.

கியர் விஷயத்தில் பொய் சொல்ல மாட்டேன். மூன்றாவதில் இறங்குவேன். கடைசி வளைவுகள் தாண்டியதும் நியூட்ரல். அப்பா அம்பாசடரில் அப்படித்தான் இறங்குவார்.


கருப்பூர் வாத்தியார்:

பாலிடெக்னிக்கில் பாடம் எடுத்து ஓய்வு பெற்றவன். குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும், கணக்கைப் பார்த்தால் கை சும்மா இருப்பதில்லை.

ஏற்காடு ஏறக்குறைய 1,500 மீட்டர் உயரம், சேலம் 280 என்று வையுங்கள். இறங்குவது சுமார் 1,200 மீட்டர். ஆட்களோடும் வாழைத்தாரோடும் உங்கள் வண்டி 1,350 கிலோ. இந்த எடை அவ்வளவு உயரம் இறங்கும்போது வெளிவிடும் ஆற்றல் ஏறத்தாழ 16 மெகாஜூல். காற்றும் டயரும் தின்பது போக மீதி எல்லாம் ஏதாவது ஓரிடத்தில் சூடாக மாறியே ஆக வேண்டும். அந்த மீதி சுமார் 40 லிட்டர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுபோகப் போதும். செகண்ட் கியரில் இறங்கினால் அதில் பெரும்பங்கை எஞ்சின் வாங்கி வெளியே தள்ளிவிடும். நியூட்ரலில் இறங்கினால் உங்கள் நான்கு சக்கர பிரேக்குகள்தான் அத்தனை தண்ணீரையும் காய்ச்ச வேண்டும், அதிலும் பெரும்பகுதி முன் டிஸ்க் இரண்டும்.

ஆயில் பற்றி: அது காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும். டாட் 3 ரக ஆயில் புதிதாக இருக்கையில் குறைந்தது 205 டிகிரி வரை கொதிக்காமல் தாங்க வேண்டும், ஈரம் ஏறியபின் 140 என்பதே தர அளவு. டாட் 4 என்றால் 230, 155. பத்து வருட ஆயில் எங்கே நிற்கும் என்று யோசியுங்கள். காலிப்பருக்குள் ஆயில் கொதித்தால் குமிழ் வரும். ஆயில் அமுங்காது, குமிழ் அமுங்கும். உங்கள் பெடல் ஆழமாகப் போனது அதுதான். ஆறியதும் குமிழ் மறையும், பெடல் சரியாகும், பட்டறையில் காட்டும்போது ஒன்றுமே இல்லை என்பார்கள்.


இருபது வளைவு:

வாத்தியார் சார் சொன்னதை எங்கள் ஸ்டாண்டில் படித்துக் காட்டினேன். ஒருவர், "அந்த 40 லிட்டரில் டீ போட்டா ஒண்டிக்கடை முழுக்கக் கொடுக்கலாம்" என்கிறார்.

சார், ஆயிலை முழுதாக மாற்றி நான்கு சக்கரத்திலும் ஏர் எடுக்கச் சொல்லுங்கள். மூடியைத் திறந்து மேலே இருப்பதை மட்டும் உறிஞ்சிவிட்டுப் புதிது ஊற்றுகிற ஆட்கள் இருக்கிறார்கள், கூடவே நில்லுங்கள். பின் டிரம்மையும் திறந்து பாருங்கள். பின்னால் ஷூ பிடிக்கவில்லை என்றால் முன்னால்தான் எல்லாம் விழும்.


கொலுசுப்பட்டறை:

எல்லோருக்கும் தகவல் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன். பத்து நாள் ஆயிற்று.

ஸ்டீல் ரிம்முக்குத் திரும்பிவிட்டேன். நட்டைக் கையால் திருகி, எதிர் எதிராக இறுக்கி, கடைசியில் டார்க் ரெஞ்சில் கையேட்டில் உள்ள அளவுக்கு வைத்தார்கள். கன்னைத் தொட விடவில்லை, பையன் முகம் சுளித்தான். 100 கி.மீ. ஓடியபின் ஒரு தடவை சரிபார்த்தேன், ஒரு நட்டும் அசையவில்லை. ஓமலூர் சாலையில் 100 வரை போனேன். உதறல் இல்லை.

டிஸ்க்கை அளந்து பார்த்தார்கள். ஹப்பில் வண்டல் போலத் துரு. துடைத்து மாட்டியபின் இடது 0.04, வலது 0.03. "மாற்ற வேண்டாமா?" என்று நானே இரண்டு தடவை கேட்டேன், வேண்டாம் என்றுவிட்டார். பேட்டின் முகத்தை உப்புத்தாளில் லேசாகத் தேய்த்து மாட்டினார். ஆயில் டாட் 4, முழுவதும் மாற்றினேன். பழைய ஆயில் கருப்பட்டிக் காபி நிறத்தில் வந்தது. பின் டிரம்மில் ஒரு பக்கம் அட்ஜஸ்டர் துருப்பிடித்து இறுகிப்போயிருந்தது, அந்தப் பக்க ஷூ வேலையே செய்யவில்லை. இருபது வளைவு அண்ணா, அதை நீங்கள் சொல்லாமல் இருந்தால் திறந்தே பார்த்திருக்க மாட்டேன்.

நேற்று முழு லோடோடு இறங்கினேன். செகண்ட் கியர். எஞ்சின் இரைச்சலுக்கு முதலில் பிள்ளைகள் பயந்துவிட்டார்கள். பின்னால் வந்த கார்க்காரர் ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தார், ஓரம் கட்டி அவரை விட்டுவிட்டேன். கடைசி வளைவு வரை பெடல் ஒரே உயரத்தில் நின்றது. வாடை இல்லை, துடிப்பு இல்லை. கீழே கோரிமேட்டில் நிறுத்தித் தட்டுவடை செட் வாங்கிக்கொடுத்தபின்தான் பிள்ளைகள் சமாதானமானார்கள்.

அலாய் நான்கும் பத்து நாளாக வராண்டாவில் இருந்தன. கடையில் திருப்பி எடுக்கவில்லை, "நல்லா உட்கார்ந்துச்சே சார்" என்பதையே திருப்பித் திருப்பிச் சொன்னார்கள். மச்சினனுக்குத் தெரிந்த ஒருவர் பிரியோ வைத்திருக்கிறார். வந்தார், மாட்டினார், 11,000 கொடுத்துவிட்டுப் போனார். அவர் வண்டியில் கிண்ணத்துக்கு மூடி போல உட்கார்ந்தது, வெர்னியர் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் பணம் வாங்கினேன்.

ஒரு சந்தேகம் மட்டும் மிச்சம். ஸ்டீல் ரிம் துருவை இழைத்துவிட்டு சில்வர் பெயின்ட் அடிக்கலாம் என்று இருக்கிறேன். இல்லாவிட்டால் பொங்கலுக்கு மச்சினன் மறுபடி வாயைத் திறப்பான். எந்தப் பெயின்ட் நல்லது?


அஸ்தம்பட்டி டயர்:

சந்தோஷம் தம்பி. எந்தக் கம்பெனி ஸ்ப்ரேயும் அடிக்கலாம், முதலில் பிரைமர் அடித்துவிடுங்கள். ஆனால் இரண்டு இடத்தில் படக்கூடாது. நட்டு உட்காரும் குழி நான்கு, ஹப்போடு ஒட்டும் பின்முகம். மாஸ்க்கிங் டேப் ஒட்டி மறைத்துவிட்டு அடியுங்கள். அங்கே பெயின்ட் தடிமனாக இருந்தால் ஓட்ட ஓட்ட நசுங்கி, நட்டு தளர்ந்துவிடும். மாட்டிய பிறகு மறுபடி ஒரு 100 கி.மீ.யில் ரெஞ்ச் வைத்துப் பாருங்கள்.